குணமாகாத புற்றுநோய் வந்த நாயை வீட்டில் பார்ப்பது எப்படி?

"புற்றுநோய் முற்றிவிட்டது, இனிக் குணப்படுத்த ஏலாது" என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டால் வீடே சோர்ந்துபோகும். ஆனால் அந்த நாளில் இருந்துதான் உங்கள் வேலை தொடங்குகிறது. வலியைக் குறைக்கலாம், புண்ணைச் சுத்தமாக வைக்கலாம், பிடித்ததை ஊட்டலாம், முடிவைத் துன்பமில்லாததாக ஆக்கலாம். இதில் பெரும்பகுதி வீட்டிலேயே நடக்கக்கூடியது.

மன்னார் மாவட்டத்து முள்ளிக்குளத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மன்னார் நகரம் தூரம். நோயுற்ற நாயை ஓட்டோவில் அடிக்கடி ஏற்றி இறக்குவது அதற்கும் வேதனை, உங்களுக்கும் செலவு. ஆகவே வீட்டில் செய்யக்கூடியதையும், வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டியதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில், இது உண்மையிலேயே குணமாகாத நோயா?

வைத்தியர் பார்க்காமல் நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். நம் ஊர் நாய்களுக்கு, அதிலும் தெருவில் சுற்றும் நாய்களுக்கு, பாலுறுப்பில் பூக்கோவா போல ஒரு கட்டி வந்து இரத்தம் சொட்டும். சில நேரம் மூக்கிலும் வரும். இது தொற்றும் பாலுறுப்புக் கட்டி (நாய்க்கு நாய் இணைசேரும்போதும் நக்கும்போதும் பரவும் புற்று). பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலான நாய்களுக்கு முழுதாகக் குணமாகிவிடும். வின்கிறிஸ்டின் (புற்று உயிரணுக்களைப் பெருகவிடாத மருந்து) ஊசியை வாரத்துக்கு ஒன்றாகச் சில வாரம் போடுவார்கள். சாகப்போகிறது என்று கைவிடப்படும் நாய்களில் சில இப்படிக் காப்பாற்றக்கூடியவை.

பெண் நாயின் முலையில் வரும் கட்டிகளிலும் ஏறக்குறைய பாதி ஆபத்தில்லாதவை. கட்டியில் ஊசி குத்திச் சிறிது எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தாலோ, வெட்டி எடுத்த கட்டியைச் சோதித்தாலோதான் எந்த வகை என்று தெரியவரும். உங்கள் பிரதேசத்துக்குப் பொறுப்பான அரச மிருக வைத்தியரிடம் முதலில் காட்டுங்கள். பெரிய சோதனை தேவையென்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் ஆஸ்பத்திரிக்கு அவர் வழிகாட்டலாம்.

வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், தொற்றுமா?

நாயின் புற்றுநோய் மனிதருக்குத் தொற்றாது. பிள்ளைகள் தடவிக்கொடுக்கலாம். மேலே சொன்ன பாலுறுப்புக் கட்டி மட்டும் மற்ற நாய்களுக்குப் பரவும். புற்றுக்கான ஊசி போட்ட நாயானால், அடுத்த சில நாட்களுக்கு அதன் மூத்திரத்தையும் மலத்தையும் கையுறை போட்டு அள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். திடீரென்று வாயில் எச்சில் வடிந்து, தாடை தொங்கி, விழுங்க முடியாமல், குணமும் மாறினால் அது நீர்வெறுப்பு நோயாக (விசர்நாய்க்கடி நோய்) இருக்கலாம். வாய்க்குள் கை விடாதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ, எச்சில் காயத்தில் பட்டாலோ, சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கத்தவில்லையே, வலி இருக்குமா?

இருக்கும். நாய்கள் வலியை மறைத்துவிடும். சும்மா படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்குவது, படுக்க முடியாமல் இடம் மாறிக்கொண்டே இருப்பது, ஒரே இடத்தை நக்குவது, கூப்பிட்டாலும் வராமல் மூலையில் ஒதுங்குவது, தொட்டால் உறுமுவது எல்லாம் வலியின் அடையாளங்கள். இருமலும் மூச்சுத் திணறலும் வந்தால் நோய் நுரையீரலுக்குப் பரவியிருக்கலாம்.

வீட்டில் இருக்கும் பனடோலைக் கொடுக்கலாமா?

நீங்களாகக் கொடுக்கவே கூடாது. பூனைக்கு ஒரு பனடோல் மாத்திரையே உயிரைப் பறிக்கக்கூடும். நாய்க்கு இபுபுரோபன், டைக்ளோபெனாக் போன்ற மனிதர்களின் வலிமாத்திரைகள் வயிற்றில் புண்ணை உண்டாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

நாயின் நிறைக்கு ஏற்ற மெலோக்சிகாம், ட்ரமடோல் போன்றவற்றை மிருக வைத்தியர் எழுதித் தருவார். பிரெட்னிசொலோன் (வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீரொய்ட்) தந்திருந்தால் அதோடு மெலோக்சிகாம் சேரக்கூடாது. வயிற்றில் இரத்தம் கசியும். பிரெட்னிசொலோனைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. பழைய மாத்திரை மிச்சமிருந்தால் வைத்தியரிடம் காட்டிக் கேளுங்கள். மருந்து தீர்வதற்கு முன்பே அடுத்ததை வாங்கி வையுங்கள். கடை பூட்டியிருக்கும் இரவில் வலி காத்திருக்காது.

சாப்பிட மறுக்கிறது, என்ன செய்வது?

ஒரே நேரத்தில் நிறைய வைக்காமல், சிறிது சிறிதாக நாலைந்து தடவை வையுங்கள். இளஞ்சூடாக இருந்தால் மணம் எழும்பி, மூக்கு பசியைத் தூண்டும். உப்பும் தூளும் போடாமல் அவித்த மீனை, முள்ளை முழுதாக எடுத்துவிட்டு, குழைந்த சோற்றோடு பிசைந்து கொடுக்கலாம். அவித்த முட்டையும் கோழியும் நல்லவை. கருவாட்டில் உப்பு அதிகம், தவிர்த்துவிடுங்கள். வெங்காயம் போட்ட குழம்பும் ஆகாது, அது நாயின் இரத்தத்தைக் கெடுக்கும்.

வாயைத் திறந்து திணிக்காதீர்கள். உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தண்ணீர்ச் சட்டியைப் படுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

கட்டி உடைந்து நாறுகிறது, கடலில் குளிப்பாட்டலாமா?

வேண்டாம். கடல்நீரில் உப்பு மிக அதிகம், புண் எரியும். அரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, ஒரு தட்டைத் தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். அதை ஊற்றிக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை போதும். மண்ணெண்ணெய், பழைய எஞ்சின் ஒயில், கடும் டெட்டோல் எதையும் பூசாதீர்கள்.

ஈ மொய்த்தால் சில மணித்தியாலங்களில் முட்டையிட்டுவிடும், பிறகு புழு வைக்கும். பகலில் நுளம்பு வலைக்குள் படுக்க வைப்பது எளிய தடுப்பு. புழு கண்டால் அன்றே வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

மன்னார்ப் பக்கத்து வெயில் சுகதேகியான நாயையே வாட்டும். காற்று வரும் நிழலில் சாக்கின் மேல் பழைய துணியை மடித்துப் போட்டுப் படுக்கை அமையுங்கள். எழும்ப முடியாத நாயை நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மறுபக்கம் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும்.

எப்போது போதும் என்று சொல்வது?

எலிஸ் வில்லாலோபோஸ் என்ற அமெரிக்க மிருக வைத்தியர் இதற்கு ஓர் அளவுகோல் தந்திருக்கிறார். வலி அடங்கியிருக்கிறதா, சாப்பிடுகிறதா, தண்ணீர்ச்சத்து இருக்கிறதா, உடல் சுத்தமாக இருக்கிறதா, சந்தோஷமாக இருக்கிறதா, நடக்கிறதா, கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் கூடவா என்று ஏழு கேள்விகள். நல்ல நிலைக்கு 10, மிக மோசத்துக்கு 0 என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடுங்கள். கூட்டுத்தொகை 35க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம். கலண்டரில் நல்ல நாளுக்கு ஓர் அடையாளம், கெட்ட நாளுக்கு வேறோர் அடையாளம் போட்டு வந்தால் மனம் ஏமாற்றாது.

ஊசி போட்டு அனுப்புவது பாவமில்லையா?

பலரையும் வாட்டும் கேள்வி இது. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு ஏற்றதல்ல என்று கற்பிக்கிறது. மருந்துக்கும் அடங்காத வலியை நீட்டாமல் முடிப்பது அதற்கு மாறானதாக எனக்குத் தோன்றவில்லை. வைத்தியர் மயக்க மருந்தை அதிக அளவில் ஏற்றுவார். சில விநாடிகளில் நினைவு போகும், சில நிமிடங்களில் இதயம் நிற்கும். கண் திறந்தே இருக்கலாம், பின்னர் ஓரிரு மூச்சு இழுக்கலாம். அப்போது அதற்கு ஒன்றும் தெரியாது. பக்கத்தில் இருந்து தலையைத் தடவிக்கொடுங்கள்.

புதைப்பது கிணற்றுக்குத் தூரமாக, மூன்றடிக்குக் குறையாத ஆழத்தில் இருக்கட்டும். மேலே கல் வையுங்கள். கடைசி ஊசியில் ஏற்றிய மருந்து உடலிலேயே தங்கும். நரியோ வேறு நாயோ தோண்டித் தின்றால் அதுவும் சாகக்கூடும். வில்பத்துக் காட்டுக்குப் பக்கத்து ஊரில் இதை மறக்கக்கூடாது.

நாய் இன்னும் நடமாடும்போதே, இன்றே, வைத்தியரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு வையுங்கள். வலி கூடினால் எந்த மருந்தை எவ்வளவு கூட்டலாம்? இரவில் யாருக்கு அழைப்பது? கடைசி ஊசிக்கு வீட்டுக்கு வருவாரா, வந்தால் செலவு எவ்வளவு? பதில்களை வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதி ஒட்டுங்கள். நெருக்கடி வரும்போது நீங்கள் கடலிலோ வேலையிலோ இருந்தாலும், வீட்டில் இருப்பவர் தடுமாறாமல் செய்வார், நாயும் காத்துக்கிடந்து துடிக்காது.