தவறிய வேளை மருந்து

ஆண்டிமடத்தைச் சுற்றியுள்ள முந்திரிக்காட்டுக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கச் சென்றுவிட, விருத்தாப்பியத்தில் தனித்தோ முதியோர் இல்லத்திலோ காலம் கழிக்கும் பெரியவர்களுக்கு, வேளையறிந்து மாத்திரை எடுத்துக் கொடுக்கும் கைகளே பாதி வைத்தியமாகும். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வாசலுக்கே கொண்டுவந்து கொடுப்பது பெரிய உபகாரந்தான். ஆயினும் மருந்து வீடு வந்து சேர்வது வேறு, வேளைக்கு வயிற்றுக்குள் போவது வேறு.

மறதியால் ஒரு வேளை தவறினால், சிறிது நேரத்திற்குள் நினைவு வந்தவுடன் கொடுத்துவிடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதாயின் பெரும்பாலான மருந்துகளில் தவறியதை விட்டுவிடுவதே கிரமம். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது விபரீதம். அதிலும் சாப்பிடாத பெரியவருக்குச் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ கொடுத்தால் சர்க்கரை தாழ்ந்து பிரக்ஞை தப்பக்கூடும்.

மருந்தே தீர்ந்துபோவது இன்னொரு சங்கடம். வலிப்பு மாத்திரை, ரத்தக்கொதிப்புக்கான அட்டெனலால், பல நாள் உண்டுவந்த ஸ்டீராய்டு, நடுக்குவாதத்திற்கான மருந்து ஆகியவை திடீரென நின்றால் அபாயம். அன்றே மருத்துவருக்குச் சொல்லியாக வேண்டும். பக்கத்துக் கட்டில்காரரின் அட்டையிலிருந்து கடன் வாங்கிக் கொடுப்பது அறவே கூடாது. மூலப்பெயரும் அளவும் ஒன்றாயிருக்கும் வேறு கம்பெனி மாத்திரையை, மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்டுப் பெறலாம்.

இவற்றினும் கொடிய தவறு ஒன்று உண்டு. கொடுக்காத மாத்திரையைக் கொடுத்ததாகப் பதிவேட்டில் குறிப்பதைத்தான் சொல்கிறேன். அந்த ஏட்டை நம்பிய மருத்துவர், இத்தனை மாத்திரையிலும் ரத்தக்கொதிப்பு தணியவில்லையே என்றெண்ணி அளவைக் கூட்டுவார்; பிறகு யாரோ சிரத்தையுள்ள பணிப்பெண் வந்து கிரமமாகக் கொடுக்கத் தொடங்கியதும் கொதிப்பு ஒரேயடியாகத் தாழ்ந்து, விடியற்காலையில் கழிவறைக்கு எழுந்த கிழவி தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வாள். அந்த முறிவுக்கு அவளுடைய முதுமையைக் காரணம் காட்டுவது அநீதி. எந்த மருந்து, எந்த வேளை, ஏன் தவறியது, யாரிடம் சொல்லப்பட்டது என்று உள்ளபடி எழுதுகிறவர்களை இல்லத்து நிர்வாகம் கடிந்துகொள்ளலாகாது; கடிந்தால் அடுத்த முறை பொய்யே எழுதப்படும்.

பெற்றோரை இல்லத்தில் விட்டிருக்கும் பிள்ளைகளே, அடுத்த முறை வரும்போது பழத்தோடு நில்லாமல் மருந்துப் பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள். ஒரு வாரத்து மாத்திரை மீதியிருக்கும்போதே அடுத்த அட்டையை வாங்கிக் கொடுங்கள். ஐயமேற்பட்டால் 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை கிடைக்கும்.