முதுகில் நீர் எடுத்தால் கால் விளங்காமல் போகுமா?

கடும் காய்ச்சலும் வலிப்பும் கண்ட குழந்தையை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். "முதுகில் ஊசி செலுத்தி நீர் எடுத்துப் பார்க்க வேண்டும்" என்கிறார் மருத்துவர். "கால் விளங்காமல் போய்விடும், கையெழுத்துப் போடாதே" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பது நம்மிடையே அரிதல்ல.

இந்த அச்சம் தேவையற்றது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாவது முள்ளெலும்பு அருகிலேயே முடிந்துவிடும். ஊசி அதற்கும் கீழேதான் செலுத்தப்படுகிறது. அங்கே நீரில் மிதக்கும் நரம்பு இழைகளே உள்ளன. சிறு குழந்தைகளுக்குத் தண்டுவடம் சற்றுக் கீழே முடிவதால், அதற்கேற்ப இடம் பார்த்தே ஊசி போடுவார்கள்.

எடுக்கும் நீரும் சொற்பமே. பெரியவர்களுக்கு மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி சுமார் 150 மில்லிலிட்டர் நீர் உண்டு. நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 மில்லிலிட்டர் புதிதாகச் சுரக்கிறது. சோதனைக்குச் சில மில்லிலிட்டரே போதும்.

மூளை உறையைத் தாக்கியது பாக்டீரியாவா, வைரஸா, காசநோய்க் கிருமியா என்பதை அறிய இந்தச் சோதனை மிக முக்கியம். எந்த மருந்து, எத்தனை நாள் என்பது அதைப் பொறுத்தது. பாக்டீரியாவால் வரும் மூளை உறைக் காய்ச்சலுக்குச் சரியான சிகிச்சை தாமதமானால் செவித்திறன் போகலாம், உயிரும் போகலாம்.

பின்விளைவுகள் என்ன?

அதிகம் காணப்படுவது தலைவலி. எழுந்து உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். நீடித்தால் அதற்கும் சிகிச்சை உண்டு. ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலிக்கலாம். இரத்தக்கசிவு, கிருமித்தொற்று, நரம்பு பாதிப்பு ஆகியவை மிக அரிது.

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவோர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இரத்தத் தட்டணுக்கள் மிகவும் குறைந்தவர்களுக்கும், மூளையில் கட்டியோ வீக்கமோ இருப்பதாகச் சந்தேகிக்கப்படுபவர்களுக்கும் சோதனை தள்ளிவைக்கப்படலாம். தேவைப்பட்டால் முதலில் தலையை ஸ்கேன் செய்வார்கள்.

வீடு திரும்பிய பின் கால் மரத்துப்போதல், கால் பலவீனம், சிறுநீர் கழிப்பதில் சிரமம், காய்ச்சல், கடும் முதுகுவலி, ஊசி போட்ட இடத்தில் நீர்க்கசிவு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்வது புரியவில்லையென்றால், தமிழ் தெரிந்த தாதியையோ மருத்துவரையோ விளக்கச் சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டாம். ஏன் இந்தச் சோதனை, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பதே பிள்ளைக்கு நல்லது.