பதிவேட்டில் ஏறும் குழந்தை

தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் ஒரு பெண் கருவுற்றால், அவள் ஆஸ்பத்திரிப் படி ஏறுவதற்கு முன்பே அவள் பெயர் ஒரு பதிவேட்டில் ஏறிவிட வேண்டும் என்பது இங்குள்ள ஏற்பாடு. பதிவேட்டை வைத்திருப்பவர் கிராம சுகாதார செவிலியர். ஊரில் அவரை நர்ஸம்மா என்பார்கள். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் சுமார் 3,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் மாநிலத்தில் 8,713 துணை சுகாதார நிலையங்கள் அமைந்திருக்கின்றன. அவைதான் இவரது இருப்பிடம். 5,000 பேர் வாழும் பகுதியில் ஆண்டுக்கு அறுபது, எழுபது குழந்தைகள் பிறக்கும். ஒருவர் முகமும் பெயருமாக நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய எண்ணிக்கை அது. தாய் சேய் நலப் பணிகளில் பெரிய மருத்துவமனைகளே கண்ணுக்குத் தெரிகின்றன. ஆனால் எந்த வீட்டில் யார் மாசமாக இருக்கிறாள், எந்தக் குழந்தைக்கு ஊசி தவறியது என்று தெரிந்த ஒருவர் பக்கத்திலேயே இருப்பதுதான் மற்ற எல்லாவற்றையும் தாங்கி நிற்கிறது.

கரு உண்டானது தெரிந்தவுடன், 12 வாரங்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பதிவானதும் 12 இலக்க எண் ஒன்று கிடைக்கும். மக்கள் அதை பிக்மி நம்பர் என்கிறார்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதும் இந்த எண்ணைக் கேட்பார்கள் என்பதால் பலர் இதை வெறும் சான்றிதழ் வேலையாகவே நினைக்கிறார்கள். உண்மையில் இதன் பயன் வேறு. தமிழ்க் குடும்பங்களில் தலைப்பிரசவம் பெரும்பாலும் தாய் வீட்டில். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண் இன்னொரு ஊருக்கு, சில சமயம் இன்னொரு மாவட்டத்துக்கே போய்விடுகிறாள். அதுவரை பார்த்துவந்த நர்ஸம்மாவுக்கு அவளுடைய ரத்த அழுத்தம், ரத்த வகை, சர்க்கரை அளவு எல்லாம் அத்துபடி. புது ஊர் நர்ஸம்மாவுக்கு அவள் முகமே தெரியாது. பிரசவம் நெருங்கி ஆபத்து கூடும் வாரங்களில்தான் இந்த இடமாற்றம் நடக்கிறது என்பதை யோசித்தால், அந்த எண்ணும் கையில் இருக்கும் தாய் சேய் நல அட்டையும் ஏன் அவளோடு பயணம் செய்ய வேண்டும் என்பது புரியும்.

கர்ப்ப காலப் பரிசோதனை என்பது எடை, ரத்த அழுத்தம், சிறுநீர், ரத்தம், ஸ்கேன் என்று நீளும். இதில் அதிகம் மல்லுக்கட்ட வேண்டியிருப்பது ரத்த சோகையோடு. குறைந்தது 180 நாட்களுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். வாங்கிப்போகும் மாத்திரைகளில் கணிசமானவை அலமாரியிலேயே கிடக்கின்றன. குமட்டல், மலம் கறுத்துப் போவது, மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்ற பேச்சு ஆகியவை காரணம். மலம் கறுப்பது மாத்திரையின் இயல்பு, பிள்ளையின் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டீயோடு சேர்த்து விழுங்கினால் சத்து உடலில் சரியாகச் சேராது, எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் போன்றவை உதவும் என்ற எளிய தகவல் கூடப் பல வீடுகளுக்கு இன்னும் போகவில்லை. ஹீமோகுளோபின் ரொம்பவும் இறங்கிவிட்டால் ஊசி வழியாக இரும்புச் சத்து ஏற்றுகிறார்கள்.

பணம் இல்லாததால் வேலையை விட முடியாமல் கடைசி மாதம் வரை களை எடுக்கப் போகும் பெண்களுக்காக வந்ததுதான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 1987-இல் 300 ரூபாயாகத் தொடங்கிய உதவி 2006-இல் 6,000 ஆகவும், 2011-இல் 12,000 ஆகவும், 2018-இல் 18,000 ஆகவும் உயர்ந்தது. கடைசியாகச் சொன்ன தொகையில் 14,000 ரூபாய் பணம், மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்கு, முதல் இரண்டு பிரசவங்களுக்கு இது பொருந்தும். மொத்தமாகக் கொடுக்காமல், பதிவு, பரிசோதனை, அரசு மருத்துவமனையில் பிரசவம், தடுப்பூசி என்று ஒவ்வொரு கட்டம் முடிந்த பின் தவணையாகக் கொடுப்பதால், பணம் அந்தப் பெண்ணைத் திரும்பத் திரும்ப நிலையத்துக்கு அழைத்து வருகிறது. தவணை தாமதமாகும்போது அந்த நோக்கமே அடிபட்டுப் போகிறது. பிள்ளை தவழத் தொடங்கிய பிறகு வரும் பணம் கர்ப்பிணியின் தட்டில் முட்டையாக மாறாது.

பிரசவம் இப்போது அநேகமாக முழுக்கவே மருத்துவமனையில்தான். பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியர்கள் மூன்று முறைப் பணியில் 24 மணி நேரமும் இருக்கிறார்கள். சிக்கலான பிரசவங்களுக்கு அவசரகால மகப்பேறு மையங்கள் உண்டு. வலி எடுத்தால் 108, குழந்தையோடு வீடு திரும்ப 102. அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் பெண்ணுக்கு நம்பிக்கையான ஒரு துணையை உடன் இருக்க விடும் வழக்கம் இங்கே இருபது ஆண்டுகளாக இருக்கிறது. வலியில் கிடப்பவளுக்கு அம்மாவோ அக்காவோ கையைப் பிடித்துக்கொண்டிருப்பது எத்தனை பெரிய மருந்து என்பதைப் பெற்றவர்கள் அறிவார்கள். சாலை வசதி குறைந்த மலைக் கிராமங்களில் வலி எடுத்த பிறகு கிளம்பினால் நேரம் போதாது. அங்கே நாள் நெருங்கும்போதே வந்து தங்கிக்கொள்ளக் காத்திருப்பு அறைகள் சில நிலையங்களில் உள்ளன. பேறுகாலத்தில் நிகழும் ஒவ்வொரு தாயின் மரணத்தையும் தனித்தனியாக ஆராய்ந்து, எங்கே தவறியது என்று பார்க்கும் முறையும் உண்டு. 2018–20 காலத்தில் இந்தியாவில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 97 தாய்மார் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. இந்த வித்தியாசத்தில் அந்த விசாரணைகளுக்கும் பங்குண்டு.

வீடு திரும்பிய பிறகான ஆறு வாரங்கள்தான் கவனம் தளரும் காலம். 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் குழந்தையை வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. தொப்புளில் சீழ் இருக்கிறதா, பால் நன்றாக உறிஞ்சுகிறதா, உடம்பு சில்லிட்டிருக்கிறதா, மஞ்சள் தட்டுகிறதா என்று பார்ப்பார்கள். தாய்க்கு உதிரப்போக்கு, காய்ச்சல், மார்பில் பால் கட்டுதல் உண்டா என்று கேட்பார்கள். பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தடவும் சேனை வைக்கும் வழக்கத்தைத் தடுப்பதும் இந்தச் சந்திப்புகளில் நடக்கும் வேலை. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டக் கூடாது, ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்பதைப் பாட்டிமார்களிடம் சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பது சுலபமல்ல. பத்தியம் என்ற பெயரில் பிள்ளை பெற்றவளுக்குப் பழத்தையும் கீரையையும் நிறுத்திவிடும் வீடுகளில் அது இன்னும் கடினம்.

இவ்வளவு கேள்விகளுக்கு நடுவே கேட்கப்படாமல் போவது ஒன்று. தாயின் மனம் எப்படி இருக்கிறது? தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, குழந்தையைத் தொடவே பிடிக்காத நிலை, செத்துப்போகலாம் என்ற நினைப்பு, இவை சில நாட்களில் தீராமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மருத்துவம் பார்க்க வேண்டிய மனச்சோர்வு. வீட்டில் அதைத் திமிர் என்கிறார்கள், இல்லாவிட்டால் காத்து கருப்பு என்கிறார்கள். எடையையும் ரத்த அழுத்தத்தையும் எழுதும் அட்டையில் இதற்கும் கண்டிப்பாக ஓர் இடம் வேண்டும். உதவி தேடுவோர் 104 என்ற எண்ணில் அழைத்துப் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் இருக்கிறது.

தடுப்பூசிக்கு நாள் புதன்கிழமை. பிறந்தவுடன் பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை பி ஊசி. பிறகு 6, 10, 14-ஆவது வாரங்களில் ஐந்து நோய்களுக்கு எதிரான பென்டாவேலன்ட் ஊசியும் போலியோ, ரோட்டா சொட்டுகளும். நிமோனியாவுக்கும் போலியோவுக்குமான ஊசிகள் 6, 14-ஆவது வாரங்களிலும் ஒன்பதாம் மாதத்திலும் வரும். தட்டம்மை, ரூபெல்லாவுக்கு ஒன்பதாம் மாதத்திலும் ஒன்றரை வயதிலும். ஊசி போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைப்பது ஒவ்வாமை ஏதும் வருகிறதா என்று பார்க்கத்தான். லேசான காய்ச்சலும் ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் ஓரிரு நாளில் அடங்கும். அதற்குப் பயந்து அடுத்த ஊசியை விடுவது தவறு. தவணை தப்பினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்போது பொறுப்பின் பெரும்பகுதி அங்கன்வாடிக்கு நகர்கிறது. பழைய வாய்க்கு அது இன்றும் பால்வாடி. 1975 அக்டோபர் 2 அன்று நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் இப்போது தமிழ்நாட்டில் 54,000-க்கும் அதிகமான மையங்கள் இயங்குகின்றன. தமிழ்நாட்டு மையங்களுக்குத் தனி வரலாறும் உண்டு. 1980-இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், எல்லாக் குழந்தைக்கும் ஒரே அளவு சோறு போடுவதோடு நிற்கவில்லை. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாமல் நின்றவர்களுக்கு மட்டும் கூடுதல் உணவு கொடுத்தது. பசியைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம், தராசு கண்டுபிடிக்கும் என்பது அதன் அடிப்படை. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதிலிருந்தே குழந்தைகளுக்குச் சூடான சோற்றை உறுதி செய்தது.

இன்று ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கும், கர்ப்பிணி, பாலூட்டும் தாய்மாருக்கும் சத்துமாவு வீட்டுக்குத் தருகிறார்கள். இரண்டு வயதைத் தாண்டியவர்களுக்கு மையத்தில் மதிய உணவு, வாரத்தில் மூன்று முட்டை. ஆனால் அங்கன்வாடியைச் சோறு போடும் இடமாக மட்டும் பார்ப்பது அதைக் குறைத்து மதிப்பிடுவதாகும். ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டத்தில் குழந்தைகள் நிறம், எண், கதை பழகுகிறார்கள். எடை, உயரம் குறித்த வளர்ச்சி அட்டை இங்கேதான். புஜத்தின் நடுச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இத்தனை இருந்தும் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நால்வரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர், பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்த சோகை. இரண்டு வயதுக்கு முன்பு, அதாவது பிள்ளை மையத்துக்கே வராத மாதங்களில், வீட்டில் என்ன ஊட்டப்படுகிறது என்பதில்தான் ஓட்டை. ஆறு மாதத்துக்குப் பின் குழைந்த சோற்றோடு பருப்பு, முட்டை, கீரை, நெய் சேர வேண்டிய இடத்தில் ரசஞ்சோறும் பிஸ்கட்டுமாகக் காலம் போகிறது.

நடக்கவோ பேசவோ தாமதமாகும் குழந்தைகளைக் கண்டறிய, 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வருகிறது. பிறவிக் குறை, காது கேளாமை, இதயக் கோளாறு என்று சந்தேகம் எழுந்தால் மாவட்டத்தில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். “எங்க வீட்டுல எல்லாருக்குமே பேச்சு லேட்டுதான்” என்று காத்திருந்து மூன்று, நான்கு வயதைத் தாண்டிவிடுவதே இங்கே பெரிய இழப்பு. காது கேளாத குழந்தைக்கு முதல் சில ஆண்டுகள் போனால் மொழியே போகும்.

பதிவேட்டுக்குள் வராமல் நழுவுகிறவர்கள் முக்கியமாக இரண்டு வகை. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஆறு மாதம் ஊர் மாறிப் போகும் குடும்பங்கள் ஒன்று. வட மாநிலங்களிலிருந்து கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகைகளில் தங்கியிருப்பவர்கள் இன்னொன்று. எந்த ஊர் முகவரியாக இருந்தாலும் பிள்ளைக்குத் தடுப்பூசியும் சத்துமாவும் மறுக்கப்படக் கூடாது. கொட்டகையில் தொட்டில் தொங்குவதைப் பார்த்தவர் பக்கத்து அங்கன்வாடியில் ஒரு வார்த்தை சொன்னாலே போதும். நர்ஸம்மாவின் நாளில் கணிசமான நேரம் கணினிப் பதிவுகளுக்கே போய்விடுகிறது என்பதும், காலியிடங்கள் நிரம்பாத இடங்களில் ஒருவரே இரண்டு நிலையங்களைச் சுமக்கிறார் என்பதும் இந்த நழுவலுக்குக் காரணம்.

ஐந்து வயது முடிந்ததும் ஒரு பூஸ்டர் ஊசி பாக்கி இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்தில் சேரும் பிள்ளையை, அங்கன்வாடிக்கு வந்த அதே மருத்துவக் குழு அங்கே ஆண்டுக்கு ஒருமுறை சந்திக்கும். பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்காமல் விட்டிருந்தால், ஓராண்டுக்குள் கட்டணமின்றியும் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடும் சேர்த்துக்கொள்ளலாம்.