ராணுவ ஹெலிகாப்டர் பைலட் பயணிகள் விமானம் ஓட்ட முடியுமா?

2023 டிசம்பர் வெள்ளத்தை நம் பகுதி மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிக்கொண்ட பயணிகளுக்கு விமானப்படை ஹெலிகாப்டர்தான் உணவு கொண்டுவந்தது. அதைப் பார்த்த சாத்தான்குளத்துப் பிள்ளை ஒருவர் "நானும் பைலட் ஆவேன்" என்று சொன்னால், பெற்றோர் முழு வழியையும் தெரிந்திருப்பது நல்லது.

பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் கட்டாயம். பிளஸ் டூ முடித்தவர்கள் என்.டி.ஏ. தேர்வு எழுதலாம், 2022 முதல் பெண் பிள்ளைகளும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். பட்டம் பெற்றவர்களுக்கு ஏ.எஃப்.கேட் தேர்வு உண்டு; விமானி பிரிவுக்கு வயது 20 முதல் 24 வரை. இவ்வழியில் குறுகிய காலப் பணியில் சேரும் விமானியின் சேவை 14 ஆண்டுகள். ஆகவே நாற்பது வயதுக்குள் வெளியே வந்துவிடுவார். பயணிகள் விமானத்தை 65 வயது வரை ஓட்டலாம் என்பதால், அடுத்த கண் அங்கேதான் போகும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். படையில் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்திருந்தாலும் விமான நிறுவன வேலை தானாக வராது. பைக் லைசென்ஸை வைத்துக்கொண்டு பஸ் ஓட்ட முடியாதது போலத்தான் இதுவும். ஹெலிகாப்டர் நின்ற இடத்திலேயே எழும்பும், இறங்கும். விமானத்துக்கு ஓடுதளமும் வேகமும் வேண்டும். வேகம் குறைந்தால் இறக்கை தாங்காது. அதனால் உரிமமும் வேறு.

இந்தியாவில் விமானத்துக்கான வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறப்பு வேண்டும். கேப்டன் ஆவதற்கான உயர் உரிமத்துக்கு 1500 மணி நேரம். ஹெலிகாப்டர் மணி நேரத்தில் எவ்வளவு சேரும் என்பதை முடிவு செய்வது டி.ஜி.சி.ஏ.தான். அதன் தேர்வுகளும் முதல் வகுப்பு மருத்துவச் சான்றும் தேவை. பிறகு ஏர்பஸ் 320 போன்ற குறிப்பிட்ட விமானத்துக்குத் தனிப் பயிற்சி உண்டு. சொந்தப் பணத்தில் செய்தால் செலவு பெரிது.

எனவே பணியிலிருந்து விலகிய பிறகு யோசிப்பதைவிட, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தேர்வுக்குப் படிப்பதும் பணம் சேர்ப்பதும் நல்லது. வேலை உறுதியாகும் முன் வீட்டை அடகு வைத்துக் கடன் வாங்க வேண்டாம். ஹெலிகாப்டரிலேயே தொடரவும் வழி இருக்கிறது: பவன் ஹன்ஸ் போன்ற நிறுவனங்கள் கடல் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்கின்றன. அதற்கும் டி.ஜி.சி.ஏ. உரிமம் வேண்டும்; ஆனால் படையில் பறந்த அனுபவம் அங்கே நேராகக் கைகொடுக்கும்.

படைச் சேவை பெருமைக்குரியது. ஆனால் பயணிகள் விமானம்தான் பிள்ளையின் ஒரே ஆசை என்றால், முதலிலேயே விமான உரிமத்துக்குப் படிப்பதுதான் நேர் வழி.