தென்னையும் நீரும்: தாவரத்தின் நீர்வழி பற்றிச் சில குறிப்புகள்

மூதுரையின் முதற் பாடல், அடியிலே பெற்ற நீரை முடியிலே இளநீராகத் திருப்பித் தரும் தென்னையை நன்றிக்கு உவமையாக்குகின்றது. உழவரின் அனுபவத்தை ஒட்டிய கூர்மையான அவதானிப்பு அது. எனினும், நீர் எவ்வாறு மேலேறுகின்றது என்னும் வினா அங்கு எழவில்லை. அறமாகக் கண்டதன் பௌதிக அடிப்படையை விளக்குதல் விஞ்ஞானத்தின் பணியாகும். அவ்விளக்கத்தை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

பெரும்பாலான தாவரங்கள் வேர்மயிர்களினால் நீரை உறிஞ்சுகின்றன. தென்னைக்கு வேர்மயிர்கள் இல்லை. இளவேரின் நுனியை அடுத்துள்ள மென்பகுதியே அத்தொழிலைச் செய்கின்றது. வேர்க்கலங்களின் சாறு மண்ணீரிலும் செறிவு கூடியது. ஆதலால் கலமென்சவ்வினூடாகப் பிரசாரண முறையில் நீர் உட்புகுந்து, படிப்படியாகக் காழ்க்கலன்களை அடைகின்றது.

அடுத்த கட்டமே சிக்கலானது. மேலிருந்து உறிஞ்சும் பம்பி நீரை ஏறத்தாழ 10 மீற்றருக்கு மேல் உயர்த்தமாட்டாது. வளிமண்டல அமுக்கம் அதற்கு விதிக்கும் எல்லை அது. தென்னையோ 20 மீற்றரையும் கடந்து வளர்கின்றது. வேரமுக்கமும் மயிர்த்துளைத்தன்மையும் இதற்குப் போதா. ஆங்கில மதகுருவான ஸ்டீபன் ஹேல்ஸ், சூரியகாந்திச் செடியை நிறுத்து அதன் நீரிழப்பை அளந்து, முடிவுகளை 1727இல் நூலாக வெளியிட்டார். 1894இல் டப்ளினில் டிக்சனும் ஜோலியும் இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கத்தை முன்வைத்தனர். இலையிலிருந்து நீர் ஆவியாகுந்தோறும் காழிலுள்ள நீர் இழுவிசைக்கு உட்படுகின்றது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருத்தலால், துலாக்கயிறு வாளியை இழுப்பதுபோல நீர்நிரல் அறாது மேலிழுக்கப்படுகின்றது. இதற்கான சக்தி சூரியனிடமிருந்து கிடைக்கின்றது.

உறிஞ்சிய நீரிற் பெரும்பகுதி இவ்வாறு ஆவியுயிர்ப்பினால் வளியிற் கலந்துவிடுகின்றது. இளநீராவது அதில் மிகச் சிறு பங்கேயாகும். இவ்விழப்பு வீண்செலவன்று. ஒளித்தொகுப்புக்கு வேண்டிய காபனீரொட்சைட்டு இலைவாய்களினூடாகவே உட்புகவேண்டும். இலைவாய் திறந்தால் நீர் வெளியேறும், மூடினால் உணவுத் தயாரிப்புக் குன்றும். காவற்கலங்கள் நீரால் வீங்கும்போது இலைவாய் திறக்கின்றது; தளரும்போது மூடுகின்றது. தாவர வாழ்வு இம்முரண்பாட்டின் இடையறாத இயக்கமே எனலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்வுண்மைகள் பாடநூலுக்குள் அடங்குவன அல்ல. அங்கு வற்றாத ஆறுகள் இல்லை. சுண்ணாம்புக் கற்படையில் தேங்கும் மழைநீரே கிணறுகளுக்கு ஆதாரம். அந்நன்னீர் அடியிலுள்ள உவர்நீரின்மீது மிதக்கின்றது. துலா மிதித்து இறைத்த காலத்தில் உழைப்பாளியின் களைப்பே இறைப்புக்கு எல்லையாயிற்று. நீரிறைக்கும் இயந்திரம் அவனைக் கடுமையான உடலுழைப்பிலிருந்து விடுவித்தது. துலாவின் காலத்துக்கு ஏங்குதல் பிற்போக்கேயாகும். ஆனால் அளவின்றி இறைக்கும்போது உவர்நீர் மேலேறுகின்றது. மண்ணீரில் உப்புச் செறிவு கூடவே, வேரை நோக்கிய நீரோட்டம் தடைப்படுகின்றது. ஈரமண்ணில் நின்றும் பயிர் வாடுகின்றது.

கிணறு தனியுடைமை, நிலத்தடி நீரோ வேலிகளை அறியாது. வசதி படைத்தவனின் மிகையிறைப்பு அயலிலுள்ள சிறு விவசாயியின் கிணற்றையும் உவராக்கக் கூடும். ஆகவே எவர், எப்பயிருக்கு, எவ்வளவு நீரிறைப்பது என்பதைத் தனியார் இலாபத்துக்கு விட்டுவிடலாகாது. அது உழவர் அனைவரும் கூடித் திட்டமிட வேண்டியதொன்று என்பதே எமது துணிபு.