வெள்ளிக்கிழமைப் பெயர்

கானா தேசத்து அக்கான் மக்களுக்குக் குழந்தைக்குப் பெயர் தேடும் சிரமத்தில் பாதி கிடையாது. பிறந்த கிழமையே முதற்பெயரைக் கொடுத்துவிடும். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் பிள்ளை கோஃபி. சனிக்கிழமை பிறந்தவன் க்வாமே. ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளராயிருந்த கோஃபி அன்னானும், கானாவின் முதல் ஜனாதிபதி க்வாமே நிக்ருமாவும் தாம் பிறந்த கிழமையைத் தம் பெயராலேயே உலகுக்கு அறிவித்தவர்கள். அந்நியருக்கும் இந்தப் பெயர் மறுக்கப்படுவதில்லை. பாடம் சொல்லிக்கொடுக்க வந்து சேர்ந்த அமெரிக்க இளைஞனைப் பிறந்த கிழமை யாதென்று கேட்டு, அவன் விழித்தால் பழைய காலண்டரைத் தேடிப் பார்க்கச் சொல்லியாவது, ஊரில் ஒருவனாக்கிவிடுவார்கள். இரண்டு வருஷம் அப்பெயரால் அழைக்கப்பட்டுப் பழகியவன் சுயதேசத்துக்கு விமானமேறும்போது, பெட்டியில் அடைத்து எடுத்துச் செல்ல இயலாத முதற்பொருள் அதுவே.

இத்தகைய அமெரிக்க இளைஞர்களை அனுப்பிவைத்த ஸ்தாபனம் 'பீஸ் கோர்' எனப்படும் சமாதானப் படை. 1960 அக்டோபர் 14ஆம் தேதி, நள்ளிரவு கழிந்து 2 மணிக்கு, மிச்சிகன் சர்வகலாசாலையின் படிகளில் நின்று, தேர்தல் பிரயாணத்தில் களைத்திருந்த கென்னடி, வைத்தியம் பயிலும் உங்களில் எத்தனை பேர் கானாவில் காலம் கழிக்கச் சித்தமாயிருக்கிறீர்கள் என்று மாணவர்களைக் கேட்டதில் கருக்கொண்டது அது. மறு வருஷம் மார்ச்சு முதல் தேதி அவரே ஜனாதிபதியாக உத்தரவிட்டார். ஆகஸ்டு 30ஆம் தேதி முதற்கோஷ்டி அக்ரா விமான நிலையத்தில் இறங்கி, கற்றுவந்த த்வி மொழிப் பாட்டொன்றைப் பாடிற்று. அத்தனை பேரும் உபாத்தியாயர்கள்.

இப்படைக்கென இயற்றிய சட்டம் மூன்று நோக்கங்களை விதித்தது. கேட்கும் நாடுகளுக்குப் பயிற்சி பெற்ற ஆட்களைக் கொடுப்பது ஒன்று. அந்நாட்டாருக்கு அமெரிக்கரைப் புரியவைப்பது இரண்டு. அமெரிக்கருக்குப் பிற மக்களைப் புரியவைப்பது மூன்று. இந்த மூன்றாவதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். வீடு திரும்பியவனே அதைச் செய்தாக வேண்டும். ஆதலால் ஊர் திரும்புவது விடுமுறை அன்று, உத்தியோகத்தின் மூன்றிலொரு பங்கு. ஆனால் கானாவில் வாத்தியார் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்ற வகுப்பு அவனுக்கு இருந்தது. சொந்த ஊரிலோ வகுப்பே கூடவில்லை.

"எப்படி இருந்தது?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். அவன் மூச்சை இழுத்துக்கொண்டு தொடங்குவதற்குள் பேச்சு புதுக் காருக்கோ கால்பந்துக்கோ தாவிவிடுகிறது. முதற்கேள்வி மரியாதைக்குக் கேட்பது. விஷயத்தை அறிய விரும்புகிறவன் கேட்பது இரண்டாவது கேள்வி, அதற்கு ஆள் இல்லை. உடம்போ இன்னும் அங்கேயே இருக்கிறது. கானாவில் இடக்கையால் எதையும் நீட்டுவது அவமதிப்பு. நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடைக்காரர் இடக்கையால் மீதிச் சில்லறையை நீட்டுகையில், திரும்பி வந்தவன் ஒரு கணம் சுருக்கென்று நிமிர்ந்து பார்க்கிறான். அவருக்குக் காரணம் விளங்குவதில்லை. இந்தச் சங்கடத்தைச் சர்க்காரும் ஒருவாறு முன்னுணர்ந்திருந்தது போலும்: மாதந்தோறும் 75 டாலர் வீதம் பிடித்துவைத்து, திரும்பியபின் ஊரில் காலூன்றிக்கொள்ளவென்று கொடுத்தது. இரண்டு வருஷத்துக்கு 1,800 டாலர். வாடகைக்கு உதவிற்று.

முதற்கோஷ்டியார் திரும்பிய 1963இல் இன்னொரு விசித்திரமும் காத்திருந்தது. பள்ளிகளில் நிறவேற்றுமை கூடாதென்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்து ஒன்பது வருஷமாகியும், தென்மாநிலங்களில் கறுப்பர் பள்ளியும் வெள்ளையர் பள்ளியும் பெரும்பாலும் தனித்தனியே நடந்துகொண்டிருந்தன. கறுப்பர் தாமே ஆளும் தேசமொன்றில் இரண்டு வருஷம் பாடம் சொல்லிவிட்டு வந்தவன் இதைப் பழைய கண்ணால் பார்த்திருக்க முடியுமா?

திரும்பி வந்தோரில் சிலருக்கு வழி திறந்தது வாஷிங்டன் நகரத்துக் கார்டோசோ உயர்நிலைப் பள்ளி. பெரும்பாலும் கறுப்பினத்து ஏழைப் பிள்ளைகள் பயின்ற அப்பள்ளியில், திரும்பி வந்த தொண்டர்களைக் கொண்டு ஒரு பரீட்சார்த்தத் திட்டம் அவ்வருஷமே தொடங்கிற்று. வேடிக்கை என்னவென்றால், கடல் கடந்து போய் இரண்டு வருஷம் பாடம் நடத்தியவர்களில் பலரிடம் சொந்த நாட்டில் பாடம் நடத்துவதற்கான சான்றிதழ் கிடையாது. ஆகவே பகலில் வகுப்பெடுத்துக்கொண்டே ஹோவர்டு சர்வகலாசாலையில் தாமும் மாணவராயினர். அனுபவத்தைவிடக் காகிதத்தை நம்புவதில் எல்லாத் தேசத்துக் கல்வி இலாகாக்களும் ஒரே ஜாதி! ஆயினும் இந்தச் சிறு முயற்சிதான் 1965இல் தேசிய ஆசிரியர் படை என்ற திட்டம் சட்டமாவதற்கு முன்மாதிரியாயிற்று. அவ்வருஷம் மார்ச்சில் வாஷிங்டனில் கூடிய மகாநாட்டுக்கு, திரும்பி வந்தோர் ஆயிரம் பேருக்கும் மேல் வந்தனர். இரண்டாவது கேள்வி கேட்பவர் அங்கேயாவது இருந்திருப்பர்.

அரை நூற்றாண்டுக்குப் பின், 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக்கு அஞ்சி, சுமார் 60 நாடுகளிலிருந்து 7,000 சமாதானப் படைத் தொண்டர்கள் வரையில் ஒருசேரத் திருப்பி அழைக்கப்பட்டார்கள். பலருக்கு விடைபெறக்கூட அவகாசமில்லை. பாடங்கள் பாதியில் நின்றன. ஊர் வந்தும் வீட்டாரை அணைக்க வழியின்றிப் பதினான்கு நாள் தனியறை. இன்னொரு வித்தியாசம், 1963இல் திரும்பியவனுக்குக் கடிதம் கண்டம் தாண்டி வரவேண்டியிருந்தது. இவர்கள் கையில் கைப்பேசி இருந்தது. அது சிணுங்குவதையும், தனியறையில் இருப்பவன் எடுத்துப் பார்ப்பதையும் கற்பனை செய்துகொள்கிறேன். சொந்த ஊரார் அறியாத வெள்ளிக்கிழமைப் பெயரைச் சொல்லி யாரோ ஒரு மாணவன் கேட்கிறான்: "கோஃபி சார், நீங்கள் நடத்தாமல் விட்ட பாடம் தேர்வில் வருமா?"