ஒரே சாணி, இரண்டு குடித்தனம்

சேலத்துச் சேகோ ஆலையானாலும் நாமக்கல் கோழிப்பண்ணையானாலும், கேஸ் தொட்டி கட்டி முடித்ததும் முதலில் கரைத்து ஊற்றுவது மாட்டுச் சாணிதான். மாட்டு வயிற்று நுண்ணுயிர்களே இரண்டுக்கும் விதை. சில மாதம் கழித்துப் பார்த்தால் உள்ளே குடியிருப்பவர்கள் வேறு வேறு. போடும் தீனியும் சூடும் அப்படிப் பிரித்துவிடுகின்றன.

காற்றில்லாத தொட்டியில் வேலை கைமாறிக் கைமாறி நடக்கிறது. ஒரு கூட்டம் மாவையும் புரதத்தையும் உடைக்கும். அடுத்தது புளிக்கவைத்து அமிலமாக்கும். கடைசியில் மீத்தேன் தருபவை பாக்டீரியாவே அல்ல. 1977இல் கார்ல் வோஸ் தனிக் கிளையாகப் பிரித்துக் காட்டிய ஆர்க்கியா. புளிக்கவைப்பவை மணிக்கணக்கில் பெருகும், ஆர்க்கியா பெருக நாள்கணக்காகும். தொட்டி கெடுவதெல்லாம் பெரும்பாலும் இந்த வேக வித்தியாசத்தால்தான்.

சேகோ ஆலையின் குச்சிக்கிழங்குக் கழிவுநீர் வரும்போதே புளிப்பு. மாவுச்சத்து மிகுதி, நைட்ரஜன் சொற்பம். அவசரப்பட்டு ஊற்றினால் அமிலம் தேங்கி, பி.ஹெச். 6.5க்குக் கீழே இறங்கி, மீத்தேன் கூட்டம் முடங்கிவிடும். அளவாக ஊற்றினால் மீத்தனோதிரிக்ஸ் என்ற ஆர்க்கியா செழிக்கும். கொஞ்சமே கிடைக்கும் அசெட்டிக் அமிலத்திலும் பிழைக்கத் தெரிந்த உயிர் அது. நூல்போல் நீண்டு, மற்றவற்றையும் பின்னிச் சிறு உருண்டைகளாக்கும். 1970களில் நெதர்லாந்தின் லெட்டிங்கா உருவாக்கிய தொட்டி இந்த உருண்டைகளை நம்பியது: கழிவுநீர் அடியிலிருந்து மேலேறி வெளியேறும், கனத்த உருண்டைகள் உள்ளேயே தங்கும்.

கோழி எருவின் கதை நேரெதிர். அதிலுள்ள யூரிக் அமிலமும் புரதமும் உடைந்தால் அம்மோனியா பெருகும். சூடும் காரமும் ஏறஏற அதன் நஞ்சும் ஏறும். முதலில் அடிபடுவது மீத்தனோதிரிக்ஸ். கொத்துக்கொத்தாகத் திரளும் மீத்தனோசார்சினா இன்னும் கொஞ்சம் தாங்கும். அதற்கும் மேலே போனால் பாதையே மாறிவிடுகிறது: சில பாக்டீரியா அசெட்டிக் அமிலத்தை ஹைட்ரஜனாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிக்க, மீத்தனோகுல்லியஸ் என்ற ஆர்க்கியா அவற்றைச் சேர்த்து மீத்தேனாக்கும். கேஸ் வரும், மெதுவாக வரும். 55 டிகிரிச் சூட்டில் வேலை சீக்கிரம் முடியும் என்பது பொதுவாக உண்மைதான். கோழி எருவை மட்டும் போடுபவர்களுக்கு அந்த ஆசை வேண்டாம் என்பேன்; 35 டிகிரியே நல்லது.

பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களில் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கக் காத்திருக்கிறது. மாட்டுத் தீவனத்துக்குப் போனது போக சேகோ ஆலையில் மிஞ்சும் கிழங்குத் திப்பியைக் கோழி எருவோடு கலந்தால் நைட்ரஜன் மட்டுப்படும்.

தொட்டி நடத்துபவர்கள் கேஸ் அழுத்தத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். அது கடைசியில்தான் விழும். அமிலத்துக்கும் காரத்தாங்கு திறனுக்குமான விகிதத்தை வாரம் ஒருமுறையாவது அளந்து பாருங்கள். 0.4ஐத் தாண்டினால் அன்றைக்கே தீனியைக் குறையுங்கள்.